மறு அச்சா, மறு பதிப்பா? சனிக்கிழமை சாயங்காலப் பஞ்சாயத்து

தமிழ்ல "பதிப்பு"ங்கற வார்த்தை மாதிரி ஆளை ஏமாத்துற வார்த்தை இன்னொண்ணு கிடையாது மக்களே. புத்தகக் கண்காட்சியில ஒரு நாவலை எடுத்துப் பாருங்க. உள்பக்கத்துல "ஏழாம் பதிப்பு"ன்னு கம்பீரமா போட்டிருக்கும். முதல் பதிப்புல இருந்த அச்சுப்பிழை ஒண்ணு விடாம அதுலயும் இருக்கும். அது மறு அச்சு, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் உ.வே.சாமிநாதையர். 1887ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்தார். அதோட விடாம, பிறகு கிடைச்ச ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து அடுத்த பதிப்புகள்ல திருத்தினார். அது நிஜமான பதிப்பு. ரெண்டுக்கும் நாம வச்சிருக்கறது ஒரே பேரு.

இதை ஏன் இப்ப இழுக்கறேன்னா, போன வருஷம் எங்க அபார்ட்மெண்டுல இதே கேள்வி பெரிய பஞ்சாயத்தா வெடிச்சுது. புத்தகத்துக்கு இல்ல, ஒரு விளையாட்டுக்கு. அஞ்சு பசங்க சேர்ந்து ஆடுற ஆட்டம் அன்னியோட உடைஞ்சிருக்கும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல ஆட்டம் என்னன்னு தெரியாதவங்களுக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டி. மேசையைச் சுத்தி உட்கார்ந்து கதை சொல்லிக்கிட்டே ஆடுறது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், பாடகி இப்படி. அந்தப் பாத்திரத்தோட பலம், புத்தி, சாமர்த்தியம் எல்லாம் நம்பரா ஒரு தாள்ல இருக்கும். ஒருத்தர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். கூத்துல கட்டியங்காரன் மாதிரி, கதையை நடத்துறவர். "கதவை உடைக்கறேன்"னு நீங்க சொன்னா, 20 பக்கம் உள்ள பகடையை உருட்டச் சொல்வார். விழுந்த எண்ணோட உங்க பலத்தைக் கூட்டி, கேட்ட எண்ணைத் தொட்டா கதவு உடையும். இல்லைன்னா உங்க தோள்பட்டை உடையும் :-)

எங்க வீட்டுல அந்தக் கட்டியங்காரன் அடியேன். வாரம் பூரா வெளிவட்டச் சாலை டிராபிக்ல ஊர்ந்து போய் ஆணி புடுங்கிட்டு வர்றவனுக்கு சனிக்கிழமை சாயங்காலம் இதுதான் ஆறுதல். ஆடுறது என் பொண்ணும் அவ கூட்டாளிங்க நாலு பேரும். ரெண்டு தமிழ், ஒரு கன்னடம், ஒரு மலையாளம், ஒரு பெங்காலி. மேசையில மொழி இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, சண்டை சூடாகும்போது கன்னடத்துக்கு மாறிடும். இந்த ஊர்ல பொறந்து வளர்ந்ததுங்க, அப்படித்தான் இருக்கும்.

மூணு வருஷமா 2014ல வந்த புத்தகத்தை வச்சு ஆடிட்டு இருந்தோம். 2024 செப்டம்பர்ல புது புத்தகம் வந்துச்சு. அஞ்சாம் மாடிப் பையனுக்கு அமெரிக்கால இருந்து மாமா வாங்கிட்டு வந்துட்டார். அவன் மேசையில புத்தகத்தைத் தொப்புன்னு வச்சு, "அங்கிள், நம்ம எடிஷன் பழசு. இனிமே செல்லாது"ன்னான். பெங்காலிப் பையனும் உடனே ஆமான்னான். மலையாளிப் பொண்ணு மட்டும் ஒண்ணும் பேசல. அவங்க வீட்டுல அப்ப நிலைமை சரியில்ல, அவ அப்பாவுக்கு வேலை போயிருந்த நேரம். சில ஆயிரம் ரூபா கொடுத்து விளையாட்டுப் புத்தகம் வாங்குற மாதிரி இல்ல. மறுநாள் என் பொண்ணுகிட்ட "நான் இனிமே வரல, டான்ஸ் கிளாஸ் இருக்கு"ன்னு சொல்லியிருக்கு. டான்ஸ் கிளாஸ் எதுவும் இல்லைன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

சரி, அந்தப் பையன் சொன்னது உண்மையா? நிஜமாவே அது புது எடிஷனா? அங்கேதான் வேடிக்கை. வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி "இது ஆறாம் எடிஷன்"னு சொல்லவே இல்ல. அஞ்சாவதோட திருத்தின வடிவம், பழசோட ஒத்துப்போகும்னுதான் சொன்னாங்க. ஆடுறவங்க அவங்களா "அஞ்சரை"ன்னு பேரு வச்சுக்கிட்டாங்க. அந்த அரைக்கு ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1974ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் எழுதி, அமெரிக்காவுல விஸ்கான்சின் பக்கத்து டி.எஸ்.ஆர். கம்பெனி மூலமா வந்தது முதல் ஆட்டம். ஒரு டப்பாவுல மூணு குட்டிப் புத்தகம். 1977ல புதுசா ஆடுறவங்களுக்குன்னு ஒரு எளிய டப்பா. அதே வருஷம் "அட்வான்ஸ்ட்"னு இன்னொரு வரிசையும் ஆரம்பம். அப்புறம் ரொம்ப வருஷம் ரெண்டும் ரெண்டு தண்டவாளமா ஓடிச்சு. அதுல எது முதல் எடிஷன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க.

1989ல அட்வான்ஸ்ட் ரெண்டாம் எடிஷன். நம்பர் மாறிச்சு, ஆனா பழைய கதைகளைப் பெருசா சிரமமில்லாம அதுல ஆடலாம். 1997ல விசார்ட்ஸ் டி.எஸ்.ஆரை வாங்கினாங்க, 2000ல மூணாம் எடிஷன். இதுதான் நிஜமான இடி. அதுவரைக்கும் கவசம் நல்லதா இருந்தா நம்பர் குறையும், இதுல கூடும். கணக்கே தலைகீழ். பழைய பாத்திரத்தைப் புதுசுக்கு மாத்துறதுக்குன்னே தனியா ஒரு கையேடு போட வேண்டி வந்துச்சு. மூணே வருஷத்துல, 2003ல மூணரை. நம்ம "அரை" அங்க பொறந்ததுதான்.

2008ல நாலாம் எடிஷன். பகடை அதே 20 பக்கம், கூட்டல் அதே கூட்டல். ஆனா பாத்திரத்தோட உள்கட்டமைப்பை முழுசா மாத்திட்டாங்க. பிடிக்காதவங்க என்ன பண்ணாங்க? மூணாம் எடிஷனோட விதிகளை யார் வேணா பயன்படுத்திக்கலாம்னு 2000லயே திறந்த உரிமம் கொடுத்திருந்தாங்க. அதை வச்சு பைசோங்கற கம்பெனி 2009ல பாத்ஃபைண்டர்னு தனி ஆட்டமே கொண்டு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. டி அண்ட் டின்னு பேரு போட்ட புத்தகம் ஒரு பக்கம், பேரு இல்லாட்டியும் பழைய ஆட்டமாவே ஆடுற புத்தகம் இன்னொரு பக்கம். வீட்டை வித்தாச்சு, ஆனா குலதெய்வம் எதிர்வீட்டுல இருக்கு!

இதுக்கு நேர் எதிர் கேஸும் உண்டு. கால் ஆஃப் கதுலூன்னு 1981ல வந்த பேய்க்கதை ஆட்டம். முதல்லேர்ந்து ஆறாவது வரைக்கும் எடிஷன் நம்பர் ஏறிக்கிட்டே போச்சு, ஆட்டம் கிட்டத்தட்ட அதே. 2014ல ஏழாவது வந்தப்பதான் பலம் புத்தி எல்லாத்தையும் நூத்துக்கு இவ்வளவுன்னு மாத்தினாங்க. அதுவும் பழைய நம்பரை அஞ்சால பெருக்கினா வேலை முடிஞ்சது.

ஆக, அட்டையில இருக்கற நம்பரை நம்பிப் பிரயோஜனம் இல்ல. அப்ப எதை வச்சு முடிவு பண்றது?

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு ஒரு பதில் கைவசம் இருக்கும். சாஃப்ட்வேர் வெர்ஷன்ல முதல் எண் எப்ப மாறணும்? பழசை நம்பி எழுதினது புதுசுல உடையும்போது. சும்மா வசதி சேர்த்தா நடு எண், பிழை திருத்தினா கடைசி எண். இதே புத்தி கிரிக்கெட்டுலயும் இருக்கு. எம்.சி.சி. விதிகளை முழுசா திருப்பி எழுதினா அதுக்கு "கோட்"னு பேரு: 1947, 1980, 2000, 2017. நடுவுல சின்னத் திருத்தம்னா அதே கோடோட அடுத்த எடிஷன். 2017 கோடுக்கு 2019ல ரெண்டாவது, 2022ல மூணாவது. பந்து போடுறதுக்கு முன்னாடி கிரீஸை விட்டுப் போற ஆளை ரன் அவுட் பண்றோமே, அது "நியாயமில்லாத ஆட்டம்"ங்கற 41ஆம் விதியில இருந்து, சாதா ரன் அவுட் இருக்கற 38ஆம் விதிக்கு 2022லதான் போச்சு. எவ்வளவு சண்டை நடந்த விஷயம்! அதுக்கே புது கோடு போடல.

இந்த அளவுகோலை எங்க மேசையில வச்சுப் பார்த்தோம். பசங்ககிட்ட சொன்னேன்: "பேசிப் பிரயோஜனமில்ல, ஒரே சண்டையை ரெண்டு தடவை ஆடுவோம். ஒரு தடவை எல்லாரும் பழைய தாள். அடுத்த தடவை வேணுங்கறவங்க புதுத் தாள், மத்தவங்க பழசு. எங்க உடையுதுன்னு எழுதி வைப்போம்." மலையாளிப் பொண்ணை என் பொண்ணு மேல போய்க் கையோட கூட்டிட்டு வந்துட்டா.

முடிவு இதுதான். பகடையும் கூட்டலும் அதே. 12 வகை வீரர்களும் அதே 12. அஞ்சாம் மாடி வீரனுக்குப் புதுசா ஆயுத வித்தை வந்திருக்கு, அடிச்சா எதிராளி குப்புற விழுறான். மத்தவங்களுக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல், ஆனா ஆட்டம் நிக்கல. காயம் ஆத்துற மந்திரத்துக்குப் பழசுல 8 பக்கப் பகடை ஒண்ணு, புதுசுல ரெண்டு. அது நல்லதுதானே, எல்லாருக்கும் ரெண்டுன்னு வச்சுக்கிட்டோம். களைப்புக்கான விதி ரெண்டுலயும் வேற வேற. ஒரே மேசையில ரெண்டு விதமா களைச்சுப் போக முடியாது, அதனால புதுசை எடுத்துக்கிட்டோம். இப்படி முடிவு பண்ண வேண்டி வந்தது மூணு நாலு இடம்தான். சாஃப்ட்வேர் கணக்குல பார்த்தா முதல் எண் மாறல. கம்பெனி சொன்னது சரி.

அப்பாடான்னு எழுந்திருக்கப் போனேன். அப்பதான் என் பொண்ணு, "அப்பா, என் தாமிராவைப் புதுப் புத்தகத்துல காணோம்"னா.

தாமிரா அவளோட பாத்திரம். பாடகி. எங்க ஊர் அம்பாசமுத்திரம், ஆறு தாமிரபரணி, அதுல இருந்து அவளா வச்ச பேரு. தாமிரா ஒரு அரை எல்ஃப். பாதி மனுஷி, பாதி வனத்து எல்ஃப் இனம். ரெண்டு பக்கத்துலயும் முழுசா ஒட்டாத, ஆனா ரெண்டு பக்கமும் பேசத் தெரிஞ்ச ஆளு. 2014 புத்தகத்துல 9 இனம், அதுல ஒண்ணு அரை எல்ஃப். 2024 புத்தகத்துல 10 இனம். அரை எல்ஃபும் அரை ஆர்க்கும் அதுல இல்ல.

நான் பழைய வரிசையைத் தேடிப் பார்த்தேன். அரை ஆர்க் பாவம், அதுக்கு இது பழக்கம். 1978 புத்தகத்துல இருந்துச்சு, 1989ல தூக்கினாங்க, 2000ல திரும்பச் சேர்த்தாங்க, 2008 முதல் புத்தகத்துல இல்ல, 2009ல ரெண்டாவது புத்தகத்துல வந்துச்சு, 2014ல இருந்துச்சு, இப்ப மறுபடி வெளியில. ஆனா அரை எல்ஃப்? 1978, 1989, 2000, 2008, 2014னு அஞ்சு தடவையும் ஆடுறவங்களோட முதல் புத்தகத்துலயே இருந்துச்சு. புது எடிஷன்னு தம்பட்டம் அடிச்ச எந்தப் புத்தகமும் அதை வெளியில தள்ளல. "இது புது எடிஷனே இல்ல"ன்னு வந்த புத்தகம்தான் தள்ளியிருக்கு!

அங்கேதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. எதைச் சேர்த்தாங்கன்னு பார்த்தா பதிப்பு தெரியாது. எதை எடுத்தாங்கன்னு பார்த்தாத்தான் தெரியும். சேர்க்கறது யாரையும் எழுப்பி விடாது. எடுக்கறது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கற ஒருத்தரை எழுந்திருக்கச் சொல்லும். நம்ம பரமபதத்தைப் பாருங்க. தாயத்தை உருட்டு, ஏணியில ஏறு, பாம்பு கடிச்சா இறங்கு. 1890கள்ல இங்கிலாந்துல அது ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ் ஆச்சு, விதி அதேதான். 1943ல அமெரிக்காவுல சூட்ஸ் அண்ட் லேடர்ஸ்னு வந்தப்ப பாம்பு போய் சறுக்குமரம் வந்துச்சு, அப்பவும் விதி அதேதான். ஆனா மேல் கட்டத்துல பரமபதம் இல்ல, வெறும் 100. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்ணு முழிச்சு ஆடின எங்க ஆச்சிகிட்ட அதைக் கொண்டு போய் "இது உங்க ஆட்டத்தோட புதுப் பதிப்பு"ன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க.

சரி, தாமிரா என்ன ஆனா? அதுக்கு வழி காட்டினது எங்க அம்மா. அப்ப ஊர்ல இருந்து வந்து எங்களோட இருந்தாங்க. எதிர் பிளாட் கன்னட அஜ்ஜியும் அவங்களும் மத்தியானத்துல தாயம் ஆடுவாங்க. அம்மாவுக்குக் கன்னடம் வராது, அஜ்ஜிக்குத் தமிழ் கொஞ்சம்தான். அவங்க ஊர்ல அதுக்கு சௌகாபாரான்னு பேரு. நம்மகிட்ட ரெண்டு பித்தளைத் தாயக்கட்டை; அவங்ககிட்ட நாலு சோழி. நம்ம கணக்குல 1, 5, 6, 12 விழுந்தா மறு ஆட்டம். அவங்க கணக்குல 4, 8. நம்ம ஊர்ல தாயம் போட்டாத்தான் காய் இறங்கும். பகடையே வேற, கணக்கே வேற. ஆனாலும் ரெண்டு பேரும் முதல் நாளே உட்கார்ந்து சைகையிலயே பேசி முடிச்சுட்டாங்க: சோழிதான், மறு ஆட்டம் அவங்க கணக்கு, வெட்டினாத்தான் உள்கட்டத்துக்குப் போகலாம்ங்கறது நம்ம கணக்கு.

நம்ம ஊர் ஆட்டத்துக்கெல்லாம் புத்தகமும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. ஊருக்கு ஒரு விதி, தெருவுக்கு ஒரு விதி. அதனாலேயே ஆட்டத்துக்கு முன்னாடி பேசிக்கற பழக்கம் நமக்கு ரத்தத்துல இருக்கு. கல்லி கிரிக்கெட்டுல "சுவருக்கு அந்தப் பக்கம் போனா அவுட்டு, ஒன் பிட்ச் கேட்ச் உண்டு"ன்னு கத்திட்டுத்தானே மட்டையைத் தூக்குவோம்? எந்தப் பதிப்பு செல்லும்ங்கறதை அன்னைக்கு ஆட வந்தவங்கதான் முடிவு பண்றது.

அடுத்த சனிக்கிழமை பசங்களை அப்படியே உட்கார வச்சுப் பேசினோம். தீர்மானம் ரெண்டு. ஒண்ணு, அவரவர் கையில இருக்கற தாள் செல்லும், முட்டுற இடத்துல மட்டும் பொது முடிவு. புதுப் புத்தகமே பழைய இனங்களைச் சேர்த்துக்க வழி சொல்லியிருக்கு, பலம் புத்தி ஏத்தம் மட்டும் இனத்துல இருந்து வராம பின்னணியில இருந்து வரணும், அவ்வளவுதான். ரெண்டு, யாரும் எதையும் வாங்க வேண்டாம். 2023 ஜனவரியில அந்தப் பழைய திறந்த உரிமத்துல கம்பெனி கை வைக்கப் பார்த்து, ஆடுறவங்க உலகம் பூரா சண்டை போட்டாங்க. கடைசியில ஜனவரி 27ஆம் தேதி 2014 ஆட்டத்தோட அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாத உரிமம் அது. 400 பக்கத்துக்கு மேல, இலவசம். 2025ல புதுசோட தொகுப்பையும் அதே மாதிரி கொடுத்தாங்க. முந்தினதுல வேணுங்கற பக்கங்களை பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மேசை நடுவுல வச்சேன். அதுல அரை எல்ஃபும் இருக்கு. கம்பெனி நாளைக்கு ஏழு எடிஷன் போட்டாலும் தாமிராவை அந்தத் தாள்ல இருந்து யாரும் எழுப்ப முடியாது.

மலையாளிப் பொண்ணு அந்த ஸ்பைரல் புத்தகத்தைத் தான் வச்சுக்கலாமான்னு கேட்டுச்சு. டான்ஸ் கிளாஸ் பேச்சு அப்புறம் வரல. அஞ்சாம் மாடிப் பையன் இன்னமும் "அங்கிள், டெக்னிக்கலா இது அஞ்சரை"ங்கறான். தங்கமணி அவனுக்குக் கொடுக்கற பஜ்ஜி மட்டும் எந்த எடிஷன்னு அவன் கேக்கறதில்ல.

வெளியூர்ல பிள்ளை வளர்க்கற நமக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லைன்னு நினைக்கறேன். இங்க பொறந்த பிள்ளைங்க பேசுற தமிழைக் கேட்டு ஊர்ல "இது நம்ம தமிழே இல்ல"ன்னு சொல்ற பெரியவங்க உண்டு. "வந்துட்டு ஹோகறேன்"னு என் பொண்ணு சொன்னா எங்க சித்தப்பாவுக்கு முகம் சுருங்கும். எங்க அம்மாவுக்குச் சுருங்காது. அம்மா பார்க்கறது ஒண்ணுதான்: போன்ல "ஆச்சி, சாப்டீங்களா"ன்னு அது கேக்குதா? கேக்குது. அப்ப அது மறு அச்சுதான், கொஞ்சம் மை மாறியிருக்கு. சேர்ந்த கன்னட வார்த்தையைப் பத்தி எனக்கும் கவலையில்ல. எது எடுபட்டுப் போகுதுன்னு மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

பி.கு: உங்க ஊர்த் தாயத்துல பன்னிரண்டு விழுந்தா என்ன கணக்கு, வெட்டாம பழம் எடுக்கலாமா? எழுதுங்க மக்களே. அடுத்த தடவை அம்மா வரும்போது அஜ்ஜியோட பேரம் பேசக் கைவசம் நாலு விதி வேணும் :-)